உஷார்! ஆற்றோர மனையா? அடிமணலைச் சோதித்தீர்களா?

"நம்ம பக்கம் பூகம்பமெல்லாம் வராது" என்ற தைரியத்தில் தாமிரபரணிக் கரை வயல்களை நிரவி, மனை பிரித்து, மாடி மேல் மாடி எழுப்புகிறோம். உஷார்! திருநெல்வேலி அதிர்வு குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண் உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன மண் கிடக்கிறது என்று சொல்லாது. 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் சுமார் 6 அளவில் பூமி குலுங்கியது, தமிழ்நாடு விதிவிலக்கல்ல.

பொதிகையிலிருந்து இறங்கும் ஆறு வெள்ளத்துக்கு வெள்ளம் மணலும் வண்டலும் களிமண்ணுமாக அடுக்கிவைத்ததுதான் இந்தப் படுகை. ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் என்று கடலை நெருங்கும் தாழ்நிலத்தில் அதிகக் கவனம் வேண்டும்.

நீர் ஊறிய தளர்ந்த மணல் பலமாகக் குலுங்கினால், மணல் பருக்கைகள் நெருங்கப் பார்க்கும். இடையில் இருக்கும் நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். பருக்கைகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிட, கெட்டி நிலம் சில நொடிகளில் கூழாகிவிடும். இதுவே மண் திரவமாதல். மேலே களிமண் அடுக்கு மூடியிருந்தால் இன்னும் மோசம். மேலேறும் நீர் அதன் அடியில் படலமாகத் தேங்கும். ஆற்றங்கரை போன்ற சரிவில், குலுக்கல் நின்ற பிறகும் மேல்மண் அப்படியே வழுக்கிப் போகலாம்.

1934 ஜனவரியில் வட பீகாரில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. 2001 ஜனவரி 26 அன்று, குஜராத் பூகம்பத்தில் கண்ட்லா துறைமுகத்தின் 22 மீட்டர் உயரக் கட்டடம் சாய்ந்தது. அதற்குப் பைல் அஸ்திவாரமே போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பைல்கள் களிமண்ணைக் கடந்து மணலில் போய் நின்றன. அந்த மணலே இளகிவிட்டது.

ஆகவே, வானம் தோண்டிப் பார்த்து "மண் கெட்டியா இருக்கு" என்று கொத்தனார் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஐந்தடிப் பள்ளத்தில் தெரிவது மேல் அடுக்கு மட்டுமே. துளையிட்டு, ஆழம் ஆழமாக மண்ணின் இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்தை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அளக்கச் சொல்லுங்கள். தளர்ந்த மணல் இருந்தால், அதை இறுக்குவதா, பைலை அதற்கும் கீழே பாறைவரை இறக்குவதா என்று கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்யட்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, மேல்நிலைத் தொட்டி என்றால் இந்தச் சோதனையில் சமரசமே கூடாது. மண் அறிக்கை கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்!