பூவைக் காக்கும் பனிக்கட்டி

சகோதரிகளே, நுவரெலியாவில் ஜனவரி மாத அதிகாலைகளில் புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். தேயிலைக் கொழுந்து மாத்திரம் கருகி நிற்கும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சிறியதொரு பழத்தோட்டத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு வசந்தகாலம் நெடுகிலும் இந்தப் பயந்தான்.

வசந்தம் என்றால் எமக்குப் பூவும் வண்டும் நினைவுக்கு வரும். அங்கோ இடுப்பொடியும் வேலை. குளிருக்காக ஸ்ட்ரோபெரிச் செடிகள்மேல் போர்த்தியிருந்த வைக்கோலை விலக்க வேண்டும். அதை வீசிவிடுவதில்லை, பழம் மண்ணில் படாதிருக்க வரிசைகளுக்கிடையே பரப்பிவிடுவார்கள். ராஸ்பெரியில் சென்ற கோடையில் காய்த்து ஓய்ந்த தண்டுகளை அடியோடு வெட்ட வேண்டும். புதிதாக நட்ட ஸ்ட்ரோபெரியின் முதற் பூக்களைக் கிள்ளி எறிவார்கள். மனம் கேட்காத வேலைதான். ஆனால் அப்போதுதான் செடி வேரூன்றி மறுவருடம் நன்றாகக் காய்க்கும்.

அப்பிள் மொட்டு மூடியிருக்கும்வரை கடுங்குளிரையும் தாங்கும். விரிந்துவிட்டாலோ, பூச்சியத்துக்குக் கீழே 4 பாகை செல்சியஸ் குளிரில் அரை மணி நேரம் நின்றால் பத்துப் பூவில் ஒன்பது செத்துவிடும். பனி பட்ட ஸ்ட்ரோபெரிப் பூவைப் பார்த்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். இதழ்கள் வெள்ளையாகவே இருக்கும். நடுவிலுள்ள மஞ்சட் குமிழ் மட்டும் கறுத்திருக்கும். அது இனிக் காய்க்காது.

இதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் விசித்திரமானது. உறையும் இரவில் பூக்கள்மேல் நீர் தெளிக்கிறார்கள்! ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. அந்தச் சூடு பூவைக் காக்கிறது. பொழுது விடிந்து பனிக்கட்டி உருகும்வரை தெளிப்பதை நிறுத்தவே கூடாது. நடுச்சாமத்தில் பம்பி நின்றுவிட்டால், தெளிக்காமலே விட்டிருப்பதைவிட நட்டம் அதிகம். காற்றடிக்கும் இரவிலும் இது சரிவராது.

2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மிச்சிகனில் கோடையைப் போல வெயில் எறித்தது. மரங்கள் ஏமாந்து, வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பத் திரும்ப வந்தது. விடிந்ததும் மொட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை என்றால் பிழைத்தது, பழுப்பு என்றால் போயிற்று. அந்த வருடம் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது.

செத்தது பூக்கள்தான், மரங்களல்ல. 2013இல் அதே மரங்கள் கிளை தாழக் காய்த்தன.