மழைநீரில் நீந்தி வரும் எதிரி
குளத்தில் விராலைக் கொல்லும். தோப்பில் தென்னையைச் சாய்க்கும்!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் முத்துப்பேட்டைப் பக்கம் குளம் குட்டை எல்லாம் நிரம்பி வழியும். பாமணி ஆறும் கோரையாறும் கடலை நோக்கி ஓடும். தென்னந்தோப்புகளில் ஈரம் காயாமல் நிற்கும்.

அந்த நேரத்தில் குளத்தில் பிடிக்கும் விரால் மீனின் உடம்பில் சிவப்புப் புண் இருக்கிறதா? தோப்பில் இளந்தென்னையின் நடுக்குருத்து மட்டும் வாடி நிற்கிறதா?

இந்த இரண்டு கேட்டுக்கும் காரணம் ஒரே குடும்பம்தான். அதன் பெயர் நீர்ப் பூசணம்.

பெயரில் மட்டும் பூசணம்

ஊறுகாயில் படரும் பூசணத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. இது நூல் நூலாகப் படர்வதால் அந்தப் பெயர் வந்தது. உண்மையில் கடலில் வளரும் பழுப்புப் பாசிகள்தான் இதன் சொந்தக்காரர்கள்.

இதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வித்துக்கும் வால் போன்ற இழைகள் 2 உண்டு. அவற்றை ஆட்டிக்கொண்டு தண்ணீரில் நீந்திப் போகும். அதனால்தான் மழைக் காலம் இதற்குக் கொண்டாட்டம்!

அயர்லாந்து நாட்டில் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை அழுக வைத்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான். அதனால் வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

ஒரே குருத்து, ஒரே உயிர்

நம் நாட்டில் கோதாவரிக் கரையில் பனைமரங்கள் குருத்து அழுகிச் சாய்ந்தன. பட்லர் என்ற விஞ்ஞானி அதை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான நீர்ப் பூசணத்துக்கு 1907-ல் பெயர் சூட்டினார். தென்னையில் குருத்தழுகல் நோய் உண்டாக்குவதும் அதே பூசணம்தான்.

முருங்கையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னை அப்படி அல்ல. அதன் உயிர் உச்சியில் உள்ள ஒரே குருத்தில் இருக்கிறது. அது அழுகினால் மரம் போயிற்று!

முதலில் நடுக்குருத்து வெளிறும். பிறகு வாடித் தொங்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் அழுகல் நாற்றம் வீசும். ஆனால் சுற்றியுள்ள பழைய மட்டைகள் பல வாரம் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இளங்கன்றுகளுக்கே ஆபத்து அதிகம். 2018 நவம்பர் 16-ந் தேதி கரை கடந்த 'கஜா' புயல் இந்தப் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. அதன் பிறகு வைத்த கன்றுகளை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை சோறு போடும் என்பார்கள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டாமா?

திருடனுக்குப் பூசிய மருந்து

இதற்கு ஒரு மருந்து உண்டு. அது கிடைத்த கதை வேடிக்கையானது.

பிரான்சு நாட்டில் போர்டோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருப்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்கள். அப்போது திராட்சையில் ஒரு நீர்ப் பூசண நோய் பரவியது. மற்றக் கொடிகள் இலை உதிர்ந்து நின்றன. சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன! மில்லார்டே என்ற பேராசிரியர் இதைக் கவனித்து ஆராய்ந்து, 1885-ல் உலகுக்கு அறிவித்தார். அதுவே போர்டோ கலவை.

குருத்தில் அழுகிய பகுதியை நன்றாகச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கிப் பசையாகத் தடவ வேண்டும். மழைநீர் இறங்காமல் குருத்தை மூடிவைக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே நல்லது. உலோகப் பாத்திரம் ஆகாது.

செத்த மரத்தின் கொண்டையை வெட்டி எரித்துவிட வேண்டும். மிஞ்சிய மயில்துத்தத்தைக் குளத்தில் கழுவக் கூடாது. அது மீனுக்கு நஞ்சு.

விராலுக்கு வந்த புண்

மீனுக்கு வரும் புண்நோய் 1988-ல் நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றியது. 1991-ல் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியைத் தாக்கியது. தமிழ்நாட்டிலும் புகுந்தது. விராலும் கெண்டைக் குஞ்சுகளும் இதற்கு எளிதில் இரையாகின்றன. ஜிலேபிக் கெண்டை தாக்குப்பிடிக்கிறது.

உப்பு இதற்கு ஆகாது. 1 லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் இது பரவ முடியாது. ஆகவே முத்துப்பேட்டைக் கழி உவர்ப்பாக இருக்கும் கோடையில் அங்கே கவலை இல்லை. மழைக்குப் பின் குளிர்ந்து கிடக்கும் நன்னீர்க் குளங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

மீன்வளத் துறையினரிடம் அளவு கேட்டு, மழைக்கு முன்பே குளத்தில் சுண்ணாம்பு இடலாம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 'சைஃபாக்ஸ்' என்ற மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறது. செத்த மீனை வாய்க்காலில் வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட வேண்டும்.

இந்த நீர்ப் பூசணம் மனிதரைத் தொற்றாது. ஆனால் புண்ணில் வேறு கிருமிகள் ஏறியிருக்கும். எனவே புண் உள்ள மீனைச் சமைக்கக் கூடாது. புண் இல்லாத மீனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மழை விட்டதும் தோப்புக்குப் போய் ஒவ்வொரு கன்றின் குருத்தையும் அண்ணாந்து பாருங்கள். திரும்பும் வழியில் குளத்தையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். முதல் வாரத்தில் கண்டுகொண்டால் மரம் பிழைக்கும், மீனும் பிழைக்கும்!