அம்மாவுக்கே காய்ச்சல் வந்தால்?

டெல்லிப் பக்கம் ஜனவரி, பிப்ரவரி குளிரில் ஃப்ளூ காய்ச்சல் ஒருமுறை உச்சத்துக்குப் போகும். சென்னையில் அதற்கு வடகிழக்குப் பருவமழைதான் சீசன். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று உலகத்தையே மிரட்டிய எச்1என்1 வைரஸும் இப்போது அந்த சீசன் கூட்டத்தோடு வந்துபோகிறது. சில வருஷம் லேசாகப் போய்விடும். சில வருஷம் தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் இருமல் கேட்கும். அப்படி ஒரு வருஷத்துக்கு வீட்டைத் தயார் செய்யச் சொன்னால் நம் ஆட்கள் உடனே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நான் முதலில் கேட்பது வேறு: வீட்டை நடத்துகிறவரே படுத்துவிட்டால்? பெரும்பாலான வீடுகளில் அது அம்மாதான். தாத்தாவின் பிரஷர் மாத்திரை எது, சுகர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, சின்னவனுக்கு எந்த மருந்து ஒத்துக்காது, சிலிண்டர் எந்த நம்பரிலிருந்து புக் ஆகிறது என்று எல்லாமே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஃப்ளூ வந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும்; மூன்று நான்கு நாளைக்கு எழுந்து நடமாடுவதே பெரும்பாடு. அதோடு, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே இது அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான் பெரும்பாலும் அடுத்த நோயாளி. ஆகவே அவர் நன்றாக இருக்கும்போதே உட்கார வைத்து, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். கஞ்சி வைக்கவும் ரசம் வைக்கவும் வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கட்டும். என் கணக்கில் ஆக்ஸிமீட்டரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது மருந்து டப்பா. திறந்து பாருங்கள், பாதி அட்டைகளில் தேதியே இருக்காது. மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டதற்கு வெட்டிக் கொடுத்தது; காலாவதி தேதி அச்சடித்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது. அவற்றைத் தூக்கிப் போடுங்கள். மீதியில் சளி மாத்திரை இருந்தால் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அது தெரியாமல் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்கு உள்ளே போகிறது, அடி ஈரலுக்கு. குழந்தைகளின் சிரப்பிலும் இதே சிக்கல்தான்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. போன தடவை கொடுத்த அளவையே கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது.

கடைக்காரரிடம் ‘ரெண்டு வேளைக்கு செட் போட்டுக் கொடுங்க’ என்று காகிதக் கவரில் கலர் கலராக வாங்கி வரும் பழக்கத்தையும் இந்த சீசனில் விட்டுவிடுவது நல்லது. நம் ஊரில் ஃப்ளூ வரும் அதே மழையில்தான் டெங்குவும் வருகிறது. டெங்குவாக இருந்து, அந்த செட்டில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை கலந்திருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூ வைரஸ், ஆன்டிபயாடிக்குக்கு அசைந்து கொடுக்காது.

‘மூணு நாள் பார்க்கலாம்’ என்பது எல்லோருக்கும் சரிப்படாது. கர்ப்பிணி, கைக்குழந்தை, 65 வயது தாண்டியவர், ஆஸ்துமாவோ இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர் என்றால் முதல் நாளே மருத்துவரிடம் போக வேண்டும். ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். தடுப்பூசியும் முதலில் இவர்களுக்குத்தான். தனியாரில் விலை கையைக் கடிக்கும். வருஷா வருஷம் போடவும் வேண்டும். போட்டு இரண்டு வாரம் கழித்தே பலன் தெரியும் என்பதால் மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

நோயாளிக்குத் தனி அறை என்று எழுதிவிடுவது சுலபம். ஒரே அறை வீட்டில்? ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க்கை நோயாளி போட்டுக்கொண்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய காரியம். அந்த ஒருவர் பாட்டியாக இருக்க வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். மருதாணி, நகப்பூச்சு உள்ள விரலில் அளவு தப்பாகக் காட்டலாம். 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, குழந்தை சிறுநீர் கழிக்காமல் துவண்டு கிடந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104-ல் கேட்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: காய்ச்சல் விட்டு, தெம்பு வந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி இருமலோடு ஏறினால் அது நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். 1918-ல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் பலிகொண்ட ஃப்ளூவில், உலகெங்கும் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோனது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாதான். அன்று ஆன்டிபயாடிக் கிடையாது. இன்று இருக்கிறது, அது வேலை செய்யும் இடமும் இதுதான்.

மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். பரீட்சை இருக்கிறதே என்று காலையில் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால், பதினொரு மணிக்கு டீச்சரிடமிருந்து போன் வரும். அதற்குள் பக்கத்து பெஞ்சுக்கும் தொற்றியிருக்கலாம்.