ஆளுக்கேற்ற ஆசனம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. உடல் என்னும் அச்சுவரைக் காக்க நம் முன்னோர் கண்ட வழிகளுள் ஒன்று யோகம். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அதன் எட்டு உறுப்புகளையும் விரித்துரைத்துள்ளார். ஐக்கிய நாடுகள் அவை 2014இல் நிறைவேற்றிய தீர்மானத்தின் பயனாக, 2015 முதல் ஆண்டுதோறும் சூன் 21ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் யோகம் யாருக்கு உரியது? வில்லாய் வளையும் உடல் படைத்தவர்களுக்கு மட்டுந்தானா?

இவ்வினா என் வீட்டில் பிறந்தது. பள்ளியில் படித்தபோது யோகா நாளன்று நான் எளிதாகப் பத்மாசனம் போட்டுப் பாராட்டுப் பெற்றேன். அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து, என் தாயாருக்கும் கற்றுக்கொடுக்க முற்பட்டேன். முப்பது ஆண்டுகளாக நாற்று நட்டுக் களை பறித்த கால்கள் அவை. நானே அவர் பாதத்தைப் பிடித்துத் தொடைமேல் இழுத்து வைத்தேன். அம்மா அலறிவிட்டார். முட்டி வீங்கி, இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டு நாள் கூலி போயிற்று. "எனக்கு வராது கண்ணு. இதெல்லாம் படிச்சவங்க செய்யிறது" என்றார். அச்சொல் வலியைவிடப் பெரிதாக என் மனத்தில் தைத்தது.

தவறு எங்கே?

கல்லூரிக்கு வந்து, ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டின்முன் நின்றபோதுதான் என் தவறு விளங்கிற்று. இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண மூட்டு. பல திசைகளிலும் சுழலும். முழங்கால் மூட்டோ பெரும்பாலும் கதவின் கீல் போன்றது, மடங்கும், நீளும், முறுக்கைத் தாங்காது. பத்மாசனத்திற்கு வேண்டிய சுழற்சி இடுப்பிலிருந்து வரவேண்டும். இடுப்பு இறுகியவரின் பாதத்தை வலிந்து இழுத்தால், அந்த முறுக்கு முழங்காலில் இறங்கி, அங்குள்ள குருத்தெலும்புத் தட்டுகளையும் தசைநார்களையும் தாக்குகிறது. குற்றம் என் தாயாரின் காலில் இல்லை. என் கையில் இருந்தது!

ஓர் ஆசிரியர் காட்டிய வழி

இதற்கு விடை தேடியபோது நூலகத்தில் டி.கே.வி. தேசிகாச்சார் 1995இல் வெளியிட்ட ஆங்கில நூல் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவர் பொறியியல் பட்டதாரி. தம் தந்தையும் ஆசானுமாகிய திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரால் 1976இல் சென்னையில் யோக மந்திரம் ஒன்றை நிறுவியவர். தந்தையார் 1888இல் பிறந்து, மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்திப் பின்னர் சென்னையில் குடியேறியவர். மனிதனுக்காக யோகமேயன்றி யோகத்திற்காக மனிதன் அல்லன் என்பதே இவ்விருவர் நெறியின் சாரம் எனலாம்.

இந்நெறியில் ஆசிரியர் முதலில் ஆசனத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். வயது என்ன, தொழில் என்ன, நோய் உண்டா என்று கேட்டறிந்த பிறகே பயிற்சியை வகுக்கிறார். முன்குனியும் ஆசனத்தில் முதுகு நீள்வதே நோக்கம். ஆகவே கால் விறைப்பாக உள்ளவர் முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளலாம். விரல் தரையைத் தொட்டே தீரவேண்டும் என்பதில்லை.

அடுத்து, மூச்சே அளவுகோல். மூச்சு நீளமாகவும் சீராகவும் ஓடும்வரை பயிற்சி தகும். அது திணறினாலோ தடைபட்டாலோ எல்லை கடந்தோம் என்பது பொருள். ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும் என்னும் பதஞ்சலியின் கருத்தும் இதுவே.

மூன்றாவது, படிமுறை. எளிய அசைவுகளால் உடலைப் பக்குவப்படுத்திய பின்னரே கடினமான ஆசனத்திற்குச் செல்லவேண்டும். முடித்ததும் மாற்று ஆசனத்தால் உடலைச் சமநிலைப்படுத்தவேண்டும். மரம் ஏறியவன் இறங்கவும் அறிந்திருக்கவேண்டுமன்றோ?

எல்லாரும் எல்லா ஆசனங்களையும் செய்தல் ஆகாது. சிரசாசனத்தில் உடற்பாரம் கழுத்தெலும்புகளின்மேல் இறங்குகிறது. கண்ணின் உள்ளழுத்தமும் கூடுகிறது. எனவே உயர் இரத்த அழுத்தம், கண்நீர் அழுத்த நோய், கழுத்துத் தேய்மானம் ஆகியவை உடையோர் அதனைத் தவிர்த்தல் வேண்டும். நோயுடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் எப்பயிற்சியும் தொடங்கலாகாது.

கிருஷ்ணமாச்சாரியாரின் மற்றொரு மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார், புனேயில் நாற்காலி, கயிறு, பட்டை, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாக்கி, வளையாத உடலினருக்கும் ஆசனங்களை எட்டச் செய்தார். கிருஷ்ணமாச்சாரியாரோ 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையில் இருந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார். படுத்திருப்பவருக்கும் யோகம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

திண்ணையில் ஒரு பாடம்

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் மீண்டும் சென்றேன். இம்முறை காலைத் தொடவில்லை. திண்ணை விளிம்பில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை உள்ளிழுத்தபடி கைகளை மெல்ல உயர்த்தவும், வெளிவிட்டபடி இறக்கவும் சொன்னேன். தோள் நின்ற இடத்தோடு நிறுத்தச் சொன்னேன். ஆறு முறை செய்தார். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன். முட்டி வலி அதனால் தீர்ந்துவிடவில்லை. அதற்கு அரசு மருத்துவமனை மருந்துதான். ஆயினும் களைத்து வரும் மாலையில், யாரும் சொல்லாமலே திண்ணையில் அமர்ந்து கைகளை உயர்த்துகிறார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் கற்றதைப் படியாதவருக்குச் சொல்லும்போது, அவர் உடலையும் உழைப்பையும் அறிந்து சொல்லவேண்டும் என்பதே நான் பெற்ற பாடம். தோழர்களே, தோழியரே! அடுத்த யோகா நாளில் அருகிலிருப்பவர் கால் மடங்கவில்லையென்று நகையாதீர்கள். அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுங்கள். யோகம் அங்கேயே தொடங்கட்டும்!