விடைநூலும் விடை காண்டலும்

1903ஆம் ஆண்டில், கும்பகோணத்தில் பள்ளி மாணவராயிருந்த இராமானுஜனுக்கு ஆங்கிலக் கணித நூல் ஒன்று கிடைத்தது. கார் என்பார் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5000 முடிவுகள் நிரல்பட அமைந்திருந்தன. நிறுவும் முறையோ பெரும்பாலும் விரித்துரைக்கப்படவில்லை. வேறொருவராயின் முடிவுகளை மனப்பாடம் செய்திருப்பர். இராமானுஜன் அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தலைப்பட்டார்.

அவர் பெயர் தாங்கிய சாஸ்திரா பல்கலைக்கழக மையம் ஒன்று இன்று அந்நகரிலேயே உள்ளது. அங்குக் கணினியியலும் கற்பிக்கப்படுகின்றது. அவ்வியலின் ஒரு பிரிவாகிய கணினிப் பாதுகாப்பைப் பயில்வோர், பாட நூலின் பயிற்சி வினாக்களுக்கு விடை தேடி அலைவதுண்டு. முழு விடைநூலைப் பதிப்பகத்தார் பெரும்பாலும் ஆசிரியர்க்கே அளிப்பர். அவ்வினாக்களே தேர்விலும் வருமன்றோ! எனினும் நேரிய வழிகள் உள. பார், பெல்சல் என்னும் இருவர் எழுதிய மறையாக்க நூலின் ஒற்றைப்படை வினாக்களுக்குரிய விடைகளை இணையத்தில் எவரும் பெறலாம். ஐ.ஐ.டி. நிறுவனங்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில், வாரப் பயிற்சியின் கெடு முடிந்த பின்னர் விடைகள் வெளியாகின்றன. கைமாறி வரும் படிகளை மட்டும் எளிதில் நம்பற்க. பதிப்பு மாறின் வினா எண்ணும் மாறிவிடும்.

கிடைத்த விடை சரியானதுதானா என்பதை எவ்வாறு அறிவது? 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்த முறையைச் சிற்றெண்களால் காண்போம். 3, 11 என்னும் பகா எண்களின் பெருக்கம் 33. பூட்டும் திறவுகோல் 3. திறக்கும் திறவுகோல் 7. மறைக்க வேண்டிய செய்தி 4. நான்கின் மும்மடி 64. அதனை 33ஆல் வகுத்தால் மீதி 31. இதுவே மறைமொழி. இனி, 31ஐ ஏழாம் அடுக்கிற்கு உயர்த்தி 33ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 4 வருகின்றது! அளந்த நெல்லைக் களத்திலேயே மறுமுறை அளந்து பார்ப்பது போன்றது இது. விடைநூலில் 31க்கு மாறாக 13 என்று அச்சுப்பிழை நேர்ந்திருப்பினும், இச்சோதனை அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லா வினாக்களும் இத்தகையன அல்ல. ஒரு கூட்டுறவு வங்கியின் கணக்கேடுகளைத் திருடரிடமிருந்து காப்பது எங்ஙனம் என்று கேட்டால், திருப்பிக் கணக்கிட்டுப் பார்க்க வழியில்லை. நூலிலுள்ள விடையும் பல வழிகளுள் ஒன்றே. அங்கே மாணவர் தம் விடையை முதலில் எழுதிவிட்டு, நூலின் விடையை அதனருகே எழுதி, இரண்டும் எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்பதை ஆசிரியரிடம் காட்டிக் கேட்டல் வேண்டும்.