தோட்ட மயானத்துக் கற்கள்: படிக்கத் தெரிந்தால் பாட்டன் ஊர் கிடைக்கும்

பழைய ரப்பர் தோட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு மயானம் இருந்தன. தோட்டம் விற்கப்படும்போது கோயிலுக்காகக் கூட்டம் கூடுகிறது. பள்ளிக்கூடத்துக்காக மனு எழுதப்படுகிறது. மயானத்தைப் பற்றி மட்டும் பேச ஆள் குறைவு. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் அந்த நினைவே வருகிறது.

தீபாவளிக்கு முன்பு மயானத்துக்குப் போய்ப் புல் வெட்டி, விளக்கேற்றி, படையல் வைக்கும் வழக்கம் இங்கு பல குடும்பங்களில் உண்டு. அப்படிப் போகிறவர்கள் தங்கள் குடும்பக் கல்லுக்கு அப்பால் சாய்ந்து கிடக்கும் மற்ற கற்களையும் ஒரு முறை நின்று பார்க்கலாம். தோட்டத் தொழிலாளர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன பத்திரங்கள் மிகக் குறைவு. பல குடும்பங்களுக்கு அந்தக் கல்லை விட்டால் வேறு எழுத்தே இல்லை.

மலாயாவில் தேசியப் பதிவும் அடையாள அட்டையும் 1948இல்தான் வந்தன. அதற்கு முன்பே இறந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகள், "தாத்தா எந்த ஊர்?" என்று கேட்டால் வீட்டில் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938இல் நின்றுவிட்டது. அந்த முறையில் வந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கற்கள் மட்டும் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன.

எழுத்தை வைத்துக் காலம்

இவற்றில் பெரும்பாலானவை சலவைக்கல் அல்ல. சாதாரண சிமெண்டுப் பலகைதான். சிமெண்டு காய்வதற்குள் ஆணியாலோ குச்சியாலோ கீறிய எழுத்தும் உண்டு.

முதலில் எழுத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் யானைத் துதிக்கை போன்ற சுழி இருந்தால் அது பழைய எழுத்துமுறை. றா, ணா, னா ஆகியவை காலுக்குப் பதிலாகக் கீழே வளைந்து முடிந்தாலும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்னரே இந்த வடிவங்கள் மெல்ல மறைந்தன.

அடுத்தது சுருக்கக் குறிகள். ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். "த/பெ" என்றால் தகப்பன் பெயர், "க/பெ" என்றால் கணவர் பெயர். எண்கள் தமிழில் இருந்தால் ௧ என்பது 1, ௨ என்பது 2, ௭ என்பது 7, ௮ என்பது 8. பார்ப்பதற்கு க, உ, எ, அ போலவே இருப்பதால் எழுத்து என்று நினைத்துத் தாண்டிவிடுவது எளிது.

வருடப் பெயரை ஆங்கில ஆண்டாக்குவது

பல கற்களில் தமிழ் வருடத்தின் பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுழன்று வருகின்றன. 1927 ஏப்ரலில் பிரபவ பிறந்தது. 1987 ஏப்ரலில் அதே பெயர் திரும்பி வந்தது. பிரபவ முதல் எண்ணிக்கொண்டே போனால் பிரமாதி 1939, விக்கிரம 1940, விஷு 1941, சித்திரபானு 1942, சுபானு 1943 என்று வரும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. "சித்திரபானு ௵ தை ௴ 10 ௳" என்று இருந்தால் அது 1942 அல்ல, 1943 ஜனவரி. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அந்தத் தேதி ஜப்பானியர் ஆட்சிக் காலம். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட காலமும் அதுதான். அங்கே போய் மாண்டவர்களில் மிகப் பலருக்குக் கல்லே கிடையாது. அதே நாள்களில் தோட்டத்திலேயே இறந்து, பெயரோடு ஒரு கல்லும் பெற்றவர் பற்றிய குறிப்பு எவ்வளவு அரிது என்பது அப்போது புரியும்.

2602, 2603 போன்ற ஆண்டைக் கண்டாலும் குழம்ப வேண்டாம். ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் 2602 என்பது 1942.

ஜில்லாப் பெயர் மாறிவிட்டது

சில கற்களில் சொந்த ஊர், தாலுகா, ஜில்லா மூன்றும் இருக்கும். வேரைத் தேடுகிறவர்களுக்கு அதுவே பெரிய துணை. ஆனால் இன்றைய வரைபடத்தில் அந்த ஜில்லா அதே பெயரில் இருக்காது. வட ஆற்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. அந்த ஊர்களைத் திருவண்ணாமலை, வேலூர் பக்கம் தேட வேண்டும். திருச்சினாப்பள்ளி ஜில்லா என்று எழுதிய ஊர் இன்று கரூரிலோ பெரம்பலூரிலோ இருக்கலாம். சேலம் ஜில்லா ஊர் நாமக்கல்லில் இருக்கலாம். தஞ்சாவூர் ஜில்லா ஊர் நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ இருக்கலாம்.

கல்லை வெட்டியவர் தமிழ் அறியாதவராக இருந்தால் எழுத்து மாறிப் போயிருக்கவும் கூடும். ஊர்ப்பெயரை இரண்டு மூன்று விதமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

நிலம் யார் பெயரில்?

மயானம் நிலைக்குமா என்பதை முடிவு செய்வது நிலப்பட்டா. மாநில அரசு ஒரு நிலத்தை மயானத்துக்கென்று ஒதுக்கி, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் கெசெட் செய்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு. தோட்டத்துப் பட்டாவுக்குள்ளேயே அடங்கிய மயானத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தோட்டம் கை மாறும்போது அதுவும் சேர்ந்து கை மாறும். எனவே கோயில் நிர்வாகமோ முன்னாள் தோட்ட மக்களோ முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் பட்டா நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனைப் பேச்சு எழுவதற்கு முன்பே இதைச் செய்வது உத்தமம்.

சிங்கப்பூரின் பிடாடாரி இன்னொரு பாடம். 1907இல் திறந்த அந்த மயானம் 1972இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை கல்லறைகள் தோண்டப்பட்டன. இன்று அங்கே வீடமைப்புப் பேட்டை எழுந்திருக்கிறது. சில கற்கள் மட்டும் நினைவுப் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளன. முன்னறிவிப்போடு நடந்த இடத்திலேயே எஞ்சியவை இவ்வளவுதான் என்றால், அறிவிப்பே இல்லாத தோட்டக் காட்டில் எஞ்சப்போவது என்ன என்று யோசிக்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது, அமிலம் ஊற்றக் கூடாது. எழுத்தின் மேல் சாயம் பூசவும் கூடாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது கைப்பேசியில் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். நிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கவாட்டில் டார்ச் அடிக்கலாம். நான்கு பக்கமும் எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் கல் வைத்தவர் பெயர் இருக்கலாம். கைப்பேசி வரைபடத்தில் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

படங்களைத் தோட்டத்தின் மூத்தவர்களிடம் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். கல் மட்டும் இறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் பழைய இறப்புப் பதிவைத் தேடுவதற்குத் தேவையான பெயரும் தேதியும் அதில்தான் இருக்கின்றன.

ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமும் ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்திலும் கொடுத்து வைத்தால், கல் போனாலும் பெயர் போகாது.