ஆற்றில் பொன் தேடுவது எப்போது, எங்கே?

விவிலியத்தின் முதல் ஏடுகளிலேயே பொன் கிடைக்கும் ஆறு ஒன்று வருகிறது. ஏதேன் தோட்டத்தை நனைத்த ஆறு நான்காகப் பிரிந்தது என்றும், அவற்றுள் முதலாவதான பீசோன் அவிலா நாட்டை வளைந்து ஓடியது என்றும், அந்நாட்டுப் பொன் தரமானது என்றும் தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. நம் காவிரிக்கும் பொன்னி என்று ஒரு பெயர் உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓடும் சுவர்ணரேகா ஆற்றின் பெயருக்குப் பொற்கோடு என்பதே பொருள். மறைக்கல்வி வகுப்பில் இவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களுள் ஒருத்தி எழுந்து, "அப்படியானால் எண்ணூரில் கடலில் கலக்கிறதே நம் கொசஸ்தலை ஆறு, அதில் பொன் கிடைக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான், கிடைக்காது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை என்பது தெரிந்தது. அன்று தொடங்கித் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

பொன் ஆற்றில் விளைவதன்று. மலைப் பாறைகளுக்குள், வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் வெண்மையான குவார்ட்சுக் கல் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்த நரம்புகள் சிலவற்றில் பொன் பொடியாகப் படிந்திருக்கும். வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்து மண்ணாகும்போது பொன்னும் விடுபட்டு ஓடையில் இறங்குகிறது. பொன் துருப்பிடிப்பதில்லை, தண்ணீரில் கரைவதில்லை. ஆகவே எத்தனை ஆயிரம் ஆண்டுகள் உருண்டாலும் பொன்னாகவே இருக்கும். இதிலிருந்தே முதல் விதி கிடைக்கிறது: மேலே பொன்னுள்ள பாறை இல்லையென்றால் கீழே எவ்வளவு அரித்தாலும் பொன் வராது. பூண்டி ஏரி வழியாக வரும் கொசஸ்தலை ஆறு பொன்னுக்குப் பெயர்பெற்ற மலை எதையும் கடந்து வருவதில்லை. எங்கள் தோழியின் கேள்விக்கு விடை இவ்வளவுதான். ஆனால் அவள் கேள்வி எங்களை அதோடு விடவில்லை.

பொன்னுள்ள மலையிலிருந்து வரும் ஆறு என்றே வைத்துக்கொள்வோம். அது பல மைல் நீளம் ஓடுகிறதே, எந்த இடத்தில் குனிந்து மண்ணை அள்ளுவது? இங்கேதான் பொன்னின் எடை துணைக்கு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடையுள்ளது. அதே அளவு குவார்ட்சுக் கல் ஏறத்தாழ 2.65 கிலோ, அதே அளவு இரும்பு 7.8 கிலோ; அதே அளவு பொன்னோ 19.3 கிலோ! ஓடும் தண்ணீர் மணலைத் தூக்கிச் செல்லும் இடத்தில் பொன்னைத் தூக்க அதற்கு வலு போதாது. ஆகவே தண்ணீர் எங்கே தளர்கிறதோ அங்கே முதலில் கீழே விழுவது பொன்தான்.

தண்ணீர் தளரும் இடம் என்றால் என்ன என்பதை இராயபுரத்துக்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கரையோரமாகக் கடல்நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலை நகர்த்திக்கொண்டு போகிறது. 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகளைக் கட்டத் தொடங்கினார்கள். (1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சிதைத்துவிட, மறுபடியும் கட்டினார்கள்.) அணையில் மோதிய நீரோட்டம் தளர்ந்து, தூக்கி வந்த மணலை அணைக்குத் தெற்கே இறக்கிவைத்தது. மெரினா கடற்கரை இன்று அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். வடக்கே என்ன ஆயிற்று? மணலை இழந்த நீரோட்டம் நம் கரையை அரித்து எடுத்துக்கொண்டது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இன்று நாம் காண்பது மணல் அல்ல, கொட்டிவைத்த கருங்கற்கள். அவர்களுக்குக் கிடைத்த மணல் நம்முடையதுதான் என்று சொன்னால் மயிலாப்பூர்த் தோழிகள் கோபிக்கக் கூடாது!

ஆற்றிலும் இதே கதைதான். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை நீர் விரைந்து அறுக்கும். உட்கரையில் தளர்ந்து மணல்திட்டு போடும். அந்தத் திட்டின் மேல்முனையில், அதாவது தண்ணீர் முதலில் வந்து மோதும் முனையில், கனமானவை தங்கும். பெரிய பாறை ஒன்று நடுவில் நின்றால் அதன் பின்புறத்து நிழலில் தங்கும். அருவி போல விழுந்து ஓடும் நீர் திடீரென்று அகலமான மடுவில் சேரும் இடமும், கிளையாறு வந்து கலக்கும் இடமும் நல்லவை. எல்லாவற்றிலும் சிறந்தது ஆற்றின் அடிப்பாறையில் குறுக்காக ஓடும் வெடிப்புகள். மேல் மணல் ஆண்டுதோறும் போகும், வரும். வெடிப்புக்குள் இறங்கிய பொன் எளிதில் வெளியே வராது. அனுபவமுள்ளவர்கள் மேல் மணலை ஒதுக்கிவிட்டு வெடிப்பைச் சுரண்டுவது இதற்காகவே.

இன்னொரு அடையாளம் கருமணல். இல்மனைட்டு, காந்தக்கல் முதலிய கனமான தாதுக்கள் பொன்னைப் போலவே தளர்ந்த நீரில் இறங்குவன. பொன் அரிப்பவர்களின் தட்டில் கடைசியில் மிஞ்சுவது ஒரு பிடி கருமணலும் அதன் ஓரத்தில் இரண்டொரு மஞ்சள் பொட்டும்தான். ஆனால் கருமணல் இருக்கும் இடமெல்லாம் பொன் இருக்காது. நம் கடற்கரையில் அலை வாங்கிய ஈர மணலில் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள்; கூடவே மினுமினுப்பும் இருக்கும். அது காக்காப்பொன்! வெயிலில் திருப்பினால் மின்னி மின்னி மறையும். நிழலுக்குக் கொண்டுபோனால் ஒளி போய்விடும். ஊசியால் குத்தினால் ஏடு ஏடாகப் பிரியும். உண்மைப் பொன் நிழலிலும் ஒரே மஞ்சளாக இருக்கும். ஊசி பட்டால் உடையாமல் குழியும்.

எப்போது தேடுவது என்ற கேள்விக்கு 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்தது நல்ல விடை. அங்கே அமெரிக்கன் ஆற்றங்கரையில் ஒரு மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய வாய்க்கால் ஆழமாகட்டும் என்று இரவெல்லாம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலையில் அடைப்பார்கள். அப்படி அடைத்த ஒரு காலையில், நீர் வற்றிய வாய்க்காலின் அடியில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் பொன் துணுக்குகளைக் கண்டார். உலகமே அங்கே ஓடியது. இரவு திறந்த வெள்ளம் மண்ணைக் கழுவியது. காலையில் அடைத்தது பொன்னைக் காட்டியது. நம் நாட்டு ஆறுகளுக்குப் பருவமழைதான் அந்த இரவு வெள்ளம். சுவர்ணரேகாவிலும், கேரளத்து நிலம்பூர்ப் பக்கம் ஓடும் சாலியாற்றிலும் பொன் அரிப்பவர்கள் மழைக்காலத்தில் ஆற்றில் இறங்குவதில்லை. மழை ஓய்ந்து, நீர் இறங்கி, திட்டுகள் வெளியே தெரியத் தொடங்கும்போதுதான் வேலை தொடங்கும். ஒவ்வொரு வெள்ளமும் திட்டுகளை மாற்றிப் போடுவதால் போன ஆண்டு நன்றாயிருந்த இடம் இவ்வாண்டு வெறும் மணலாக இருக்கலாம். கடலிலும் இது உண்டு. 2020 நவம்பரில் நிவர் புயல் ஓய்ந்த பிறகு ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் மீனவ மக்கள் மணலைச் சலித்துப் பொன் துணுக்குகள் எடுத்ததைச் செய்திகளில் கண்டோம்.

இடமும் காலமும் கூடிவந்தாலும், உழைப்பைக் கொட்டுமுன் சோதிக்க வேண்டும். பல இடங்களில், பல ஆழங்களில் ஒவ்வொரு தட்டு மண் எடுத்துக் கழுவி, தட்டுக்கு எத்தனை பொட்டு என்று எண்ணுவதுதான் சோதனை. ஒரே இடத்தில் ஒரு பெரிய பொட்டு கிடைத்துவிட்டால் மகிழ்ந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. இந்தச் சிறிய எச்சரிக்கையை மறந்ததால் என்ன ஆகும் என்பதற்கு நம் நீலகிரி மாவட்டத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது.

கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் சாலியாற்றில் சேர்கின்றன. அந்த மலைகளில் குறும்பரும் பணியரும் வெகுகாலமாகப் பொன் அரித்துவந்தார்கள். மரத்தால் குடைந்த தட்டுதான் அவர்களது கருவி. எந்த ஓடையில், எந்த மாதத்தில், எவ்வளவு கிடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பணியர் பலர் நிலவுடைமையாளரிடம் அடிமைப்பட்டிருந்தவர்கள். அவர்கள் அரித்த பொன் அவர்கள் கழுத்தில் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறகு ஆங்கிலேயர் கண்ணில் அது பட்டது. ஆஸ்திரேலியாவின் பொன் வயல்களை அறிந்த பிரப் ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்தது. அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டியது. 1879 முதல் 1881 வரை இலண்டனில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின. பந்தலூரையும் தேவாலாவையும் பார்த்தறியாத மக்கள் போட்டி போட்டுப் பங்குகள் வாங்கினார்கள். கல் உடைக்கும் கனத்த இயந்திரங்கள் கப்பலேறி வந்து மாட்டுவண்டிகளில் மலையேறின. காட்டுக்குள் ஒரு நகரமே எழுந்தது. ஆனால் பாறையை உடைத்துப் பார்த்தபோது பொன் இருந்தது; செலவுக்குக் காணும் அளவு இல்லை. மண்ணுக்கு மேலாகச் சிதைந்திருந்த பாறையில் கிடைத்த நல்ல மாதிரிகளைக் கண்டு உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போட்டதும், சோதித்து முடிக்குமுன் இயந்திரம் வாங்கியதுமே பிழை. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் மூடின. இயந்திரங்கள் காட்டிலே துருப்பிடித்தன. அந்த நிலங்களில் இன்று தேயிலை.

இதற்கு எதிரான கதை கோலார். 1802-ல் ஜான் வாரன் என்ற படை அதிகாரி மைசூர் எல்லையை அளக்க வந்தவர். பிற்பாடு நம் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தையும் பார்த்துக்கொண்டவர். மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்னைக் காட்டினார்கள். நம்பாமல் கண்ணால் பார்த்தார் அவர்! ஆயினும் பெரிய சுரங்கம் வர 1880 ஆயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே போய் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் உழைத்தன. எடுக்கும் செலவு கிடைக்கும் பொன்னின் விலையை மிஞ்சியதால் 2001 பிப்ரவரியில் அச்சுரங்கமும் மூடப்பட்டது.

தேவாலாவின் கதை முடியவில்லை. 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலர் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் குடியேறினார்கள். தேயிலை வேலை இல்லாத நாட்களில் வறுமையால் சிலர் பழைய சுரங்கங்களில் அனுமதியின்றி நுழைந்து மண் வெட்டுவதும், மழையில் ஊறிய மண் சரிந்து உயிர் போவதும் நடந்திருக்கின்றன. ஆற்றில் மழை ஓய்ந்த பிறகு என்ற விதி பொன்னுக்காக ஏற்பட்டது. குழிக்குள் அதுவே உயிருக்கான விதி ஆகிறது. பொன் பொடியைச் சேர்க்கப் பாதரசம் கலந்து, பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக விடுவதும் உலகெங்கும் சிறு பொன் வேலையில் உண்டு. அந்த ஆவியைச் சுவாசிப்பவரின் நரம்புகள் கெடும். வீட்டு அடுப்பில் செய்தால் குழந்தைகளும் அதையே சுவாசிப்பார்கள். 2013-ல் நாடுகள் கூடிச் செய்த மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைப்பதற்கும் சேர்த்துத்தான். சட்டப்படி அனுமதியில்லாமல் பொன் எடுப்பது குற்றம் என்பதையும், நீலகிரிக்குச் சுற்றுலா போகும் தோழிகளுக்காகக் குறிப்பிடுகிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தங்கசாலைத் தெரு இருக்கிறது. பொற்கொல்லர் பட்டறைகளில் அராவும்போது சிதறும் பொடி தரையோடு கலந்து, குப்பையோடு வெளியே வரும். அந்த மண்ணைச் சேர்த்துக் கழுவிப் பொன் எடுப்பவர்களுக்கு அரிப்புக்காரர் என்று பெயர். மலையும் ஆறும் இல்லாவிட்டாலும் விதி அதேதான். பட்டறை எது என்று தெரிந்துகொண்டு, அதன் வாசலில் தண்ணீர் தேங்கும் மூலையைப் பார்க்க வேண்டும்.

அரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் தாய்மார்களுக்கு அடுப்பங்கரை நினைவுக்கு வந்திருக்கும். கல் கலந்த அரிசியைத் தண்ணீர்விட்டு வட்டமாக ஆட்டிச் சாய்த்தால் அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் நிற்கும். பொன் அரிப்பதும் இதே கைவேலை. இங்கே போவது மணல், நிற்பது பொன். உட்புறம் வரிவரியாகக் கோடு போட்ட மண்சட்டி பழைய வீடுகளில் இருக்கும். கல் அந்த வரிகளில் சிக்கிக்கொள்ளும். பொன் வயல்களில் மரத்தொட்டியின் அடியில் குறுக்குச் சட்டங்கள் அடிப்பதும் இதற்காகவே.

இதைச் செய்தே பார்த்துவிடுவோம் என்று, சைக்கிள் கடையில் சின்னப் பால்ரஸ் குண்டுகள் இருபது வாங்கி, ஒரு தட்டுக் கடற்கரை மணலில் கலந்து, பள்ளிக் குழாயடியில் ஆளுக்கு ஒருமுறை கழுவினோம். முதலில் கழுவியவளுக்கு ஒன்பது மிஞ்சியது, மீதி சாக்கடையில். தண்ணீரை வேகமாகச் சாய்த்ததே காரணம். அடுத்தவர்களுக்குப் பதின்மூன்று, பதினாறு. இருபதும் மிஞ்சியது ஒருத்திக்குத்தான்; தினமும் தன் வீட்டில் ரேஷன் அரிசி களைபவள் அவள். கொசஸ்தலையில் பொன் கிடைக்குமா என்று கேட்டவளும் அவளே.